செக்ரோலில் ஏறாத புகை

1885 மே மாதம் நானுஓயாவுக்கு முதல் புகையிரதம் ஏறி வந்தது. கொழும்பில் கடல்மட்டத்தை ஒட்டிப் புறப்படும் பாதை அட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று வளைந்து நெளிந்து 1,600 மீற்றருக்கு மேல் உயர்ந்து நானுஓயாவில் போய் நின்றது. 1893இல் ஹப்புத்தளை வரை தண்டவாளம் நீளும்வரை மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம் அதுதான். நுவரெலியாவுக்குக் குளிர்ச்சி தேடிப் போன துரைமார், கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள், தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் ஆள்கட்டி அழைத்து வந்த குடும்பங்கள் எல்லாம் அந்த மேடையில்தான் மாறி மாறி ஏறி இறங்கின. 1903, 1904இல் அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு சிறிய அகலத் தண்டவாளமும் போடப்பட்டது. அது 1940களில் மூடப்பட்டு, இன்று தடம் மட்டும் ஆங்காங்கே தெரிகிறது.

நிலக்கரி எரித்து மூச்சிரைத்து ஏறிய அந்த எஞ்சின்களின் புகை எல்லோருக்கும் தெரிந்த புகை. அதைப் பற்றிப் பயணக் குறிப்புகள் உண்டு, புகைப்படங்கள் உண்டு. நிலையத்தைச் சுற்றி இருக்கும் எடின்பரோ, கிளாசோ, ரதல்ல, டெஸ்போட் தோட்டங்களின் லயங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், அதே காலத்தில் எழுந்த இன்னொரு புகைக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை. அது விடிய நாலு மணிக்கு எழும்; பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போவதற்கு முன் தேத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் எழும்; கொழுந்து நிறுத்து வீடு திரும்பியபின் இராச்சோற்றுக்கு மறுபடியும் எழும். ஓட்டுக்கூரை இல்லாத, தகரம் வேய்ந்த, புகைபோக்கி இல்லாத ஒற்றை அறைக்குள்ளேயே அது சுழன்று, அங்கேயே படிந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் புகையின் கதை.

லயம் கோப்பிக் காலத்தில் பிறந்தது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் சரிந்தபோது துரைமார் பயிரை மாற்றினார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலை அடுத்த இருபது ஆண்டுகளில் மலையெங்கும் பரவியது. பயிர் மாறியது, குடியிருப்பு மாறவில்லை. கோப்பி பருவப் பயிர். அறுவடைக்கு வந்த ஆண்கள் சில மாதங்கள் படுத்து எழுந்து ஊர் திரும்புவார்கள் என்ற கணக்கில்தான் லயத்துக் காம்பராக்கள் (அறைகள்) கட்டப்பட்டன. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பங்கள் வேண்டும். சில மாதங்கள் தங்குவதற்கென்று போட்ட பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் கணவன், மனைவி, பிள்ளைகள், வயதான தாய், பானை சட்டி, விறகு, அடுப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. பல லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை; காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியே கிடையாது.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரை அறிந்தவர்களுக்கு மீதி புரியும். தை, மாசியில் தரையில் உறைபனி விழும் இடம் அது. கதவைத் திறந்து வைத்தால் புகை போகும், ஆனால் சூடும் போய்விடும். அடுப்பு சமையலுக்கு மட்டும் எரியவில்லை. மழையில் நனைந்த கம்பளியை உலர்த்தவும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அனல் காட்டவும், இரவில் குழந்தைகளை அணைத்துப் படுக்கவும் அதுவே வேண்டியிருந்தது. விறகும் நல்ல விறகாகக் கிடைத்ததில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்து வந்த தேயிலை மிளாறு, நிழல் மரமாக நட்ட சபுக்கின் கிளை, ஓடையோரத்து யூக்கலிப்டஸ் சுள்ளி என்று கிடைத்ததை எரித்தார்கள். மழைக்காலத்தில் எல்லாமே ஈரம். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகை அடுக்கிக் காயவைப்பது அதனால்தான். ஈரவிறகு முழுதாக எரியாது. முழுதாக எரியாத விறகிலிருந்து எழும் கரும்புகையில் பென்சோபைரீன் போன்ற நஞ்சுகள் அதிகம். சிகரெட் புகையில் இருக்கும் புற்றுநோய்க் காரணிகளில் அதுவும் ஒன்று.

லயத்துச் சுவர்களின் கருமையைப் பார்த்தவர்கள் அதை அழுக்கு என்றார்கள். தோட்ட நிர்வாகங்கள் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லின. அந்தக் கரி சுவரில் படிந்த அளவுக்கு அதன் முன் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதிய பெண்ணின் மார்பிலும் படிந்திருக்கும் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சட்டப் புத்தகங்களிலேயே காணலாம். தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் பற்றி இலங்கையின் ஆங்கில அரசு சும்மா இருக்கவில்லை. 1872இலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டு, தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டமும் உடன் வந்தது. தோட்டங்களில் டிஸ்பென்சரிகள், மாவட்ட ஆஸ்பத்திரிகள், பிறப்பு இறப்புக் கணக்கு எல்லாம் இந்தச் சட்டங்களின் வழியே வேர் பிடித்தன. அக்காலத்து இந்தியக் கிராமத்தில் கிடைக்காத சில வசதிகள் தோட்டத்தில் கிடைத்தன என்பதும் உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த அக்கறை எதை நோக்கியது என்று பார்க்க வேண்டும். வாந்திபேதியும் அம்மையும் வந்தால் லயமே காலியாகும், கொழுந்து முற்றிவிடும், புதிதாக ஆள்கட்ட முன்பணம் செலவாகும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சினால் ஆள் சோர்ந்து போவான், பேர், அதாவது அன்றைய நாள்வேலைக் கணக்கு, விழாது. 1916இல் அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு மலைநாட்டுத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது அதைத் தோட்ட நிர்வாகங்களுக்கு எடுத்துச் சொன்ன வாதமே உழைப்புத்திறன்தான். நோயும் வேலைநாளும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. செக்ரோல் என்ற வேலைவரவு ஏட்டில் அன்றன்று பேர் குறையக் காரணமாகும் நோய்க்கு மருந்து வந்தது. முப்பது, நாற்பது ஆண்டுகள் மெல்ல மெல்ல உள்ளே வேலை செய்து, ஆள் தோட்டத்துக்குப் பயன்படாத வயதில் வெளியே தலைகாட்டும் நோய் எந்த ஏட்டிலும் வரவில்லை. நுரையீரல் புற்றுநோய் அப்படிப்பட்ட நோய்.

அந்த 1912ஆம் ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. நியூயோர்க்கில் ஐசக் அட்லர் என்ற மருத்துவர் நுரையீரல் புற்றுநோய் பற்றி உலகின் முதல் தனிநூல்களில் ஒன்றை அந்த ஆண்டில்தான் வெளியிட்டார். இவ்வளவு அரிய நோயைப் பற்றி ஒரு நூல் எழுதுவது தகுமா என்று அவரே தயங்கி எழுதினார். அப்போது அது அரிய நோய்தான். பிறகு எந்திரத்தில் சுற்றிய சிகரெட் வந்தது, முதல் உலகப்போரில் படைவீரர்களுக்குப் பங்கீடாக வழங்கப்பட்டது, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து மேற்கு நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் பெருகினார்கள்.

1933இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய் தாக்கிய ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக வெட்டி எடுத்து ஒரு நோயாளியைக் காப்பாற்றினார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர். அதன்பின் அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1950இல் அதே கிரகாம், எர்னஸ்ட் வைண்டர் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டோலும் ஒஸ்டின் பிரட்ஃபோர்ட் ஹில்லும் அதையே நிறுவினார்கள். நெடுங்காலம் புகைத்துவந்த கிரகாம் 1957இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

உலகம் இதை அறிந்துகொண்ட காலத்தில் மலைநாட்டுத் தமிழர்களின் கவலை வேறாக இருந்தது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து யார் இங்கே, யார் அங்கே என்று குடும்பங்களைப் பிரித்தது. நாடே தன்னுடையதா என்று தெரியாத மனிதனிடம் இருபது ஆண்டு கழித்து வரும் நோயைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? சுகாதாரப் பிரசாரம் எந்த மொழியில் எழுதப்பட்டது, எந்த வாசலில் ஒட்டப்பட்டது என்பதும் குடியுரிமையோடு சேர்ந்த விஷயம்தான்.

புகையிலை மட்டும் யாருடைய குடியுரிமையையும் கேட்காமல் மலையேறியது. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூர் வரை கப்பலேறிய சரக்கு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்காரர்கள் கொழும்பிலும் கண்டியிலும் மலைநாட்டுப் பட்டணங்களிலும் கடை வைத்தார்கள். தோட்டத்து ஆண்களின் புகைத்தல் முதலில் சுருட்டிலும் பீடியிலும் இருந்தது. சிகரெட் பின்னால் வந்தது. 1932இல் கம்பெனியாகப் பதிவான சிலோன் டொபாக்கோ, சிகரெட்டை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது. பெட்டியாக வாங்க வசதியற்றவனுக்குக் கடைக்காரர் ஒன்று ஒன்றாக விற்றார். பெட்டியின் மேல் எச்சரிக்கைப் படம் வந்தபின்பும் ஒற்றைச் சிகரெட் வாங்குபவனின் கண்ணில் அந்தப் படம் படவே இல்லை.

பெண்கள் புகைத்தது குறைவு. மூத்த கிழவிகள் சிலர் சுருட்டுப் பிடித்ததுண்டு. பெரும்பாலான பெண்களுக்குப் புகையிலை வெற்றிலையோடு வாய்க்குள் போனது. கொழுந்துமலையில் காலை முதல் நின்றபடி வேலை. குளிர், பசி, அட்டைக்கடி. மடியில் ஒரு சிறு பை, அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு போயிலை. அதை ஒரு பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. பசியையும் களைப்பையும் மத்தியானம் வரை தள்ளிப்போடும் ஒரு கருவியாக அது இருந்தது என்பதே சரி.

இதன் விலை வாய்ப்புற்றுநோயாக வந்தது. பேராதனைப் பல்மருத்துவர்கள் பங்கெடுத்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, புற்றுக்கு முந்திய வெள்ளைப் படலங்களையும் வாய் இறுகிப்போகும் நோயையும் வெற்றிலையோடு இணைத்துக் காட்டியது. போயிலை இல்லாமல் வெறும் பாக்கு வெற்றிலை போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. இலங்கை 2016இல் மெல்லும் புகையிலைக் கலவைகளுக்குத் தடை போட்டது. தோட்டத்தில் புற்றுநோய் என்றால் வாய்தான் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இந்த வரலாறு காரணம். நோய் எச்சரிக்கை வாயோடு நின்றது. மார்புக்குள் நடந்தது அதன் நிழலில் மறைந்துபோனது.

மார்பைக் கவனித்த ஒரு மருத்துவரை இங்கே நினைவுகூர வேண்டும். வெலிசறை மார்பு நோய் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய சி. ஜி. உறகொட இலங்கைத் தொழில்களின் மார்பு நோய்களைத் தேடித் தேடி எழுதியவர். மிளகாய் அரைப்பவர்கள், இலவம் பஞ்சு அடைப்பவர்கள் என்று அவர் தொட்ட தொழில்கள் பல. 1970இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை தேயிலை தயாரிப்பவருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றியது. 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய் பற்றி விரிவாக எழுதினார். தேயிலை தரம் பிரிக்கும்போதும் கலக்கும்போதும் எழும் நுண்ணிய தூசி மூச்சுக்குழலை எரிச்சலூட்டி இருமலையும் இழுப்பையும் தருகிறது என்பதை உலக மருத்துவ இதழ்களில் ஏறவைத்தவர் அவர். இலங்கை மருத்துவ வரலாற்றையும் நூலாக எழுதினார். தேயிலைக் கம்பெனிகள் கோப்பையின் நிறத்தையும் மணத்தையும் விளம்பரம் செய்த காலத்தில், அதைத் தயாரித்தவனின் மூச்சைக் கேட்ட காது அது. அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

அடுப்புப் புகைக்கு அந்த அளவு கவனமும் கிடைக்கவில்லை. அது நுரையீரலை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை தூரதேசத்தில் இருந்து வந்தது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற மலைமாவட்டத்தில் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அளவு கடந்து இருந்தது. அந்தப் பெண்கள் அநேகமாகப் புகைப்பதே இல்லை. வீட்டுக்குள் குழி தோண்டி, புகைபோக்கி இல்லாமல், புகை அதிகம் கக்கும் நிலக்கரியை எரித்துச் சமைத்தார்கள், குளிர் காய்ந்தார்கள். 1987இல் இந்தத் தொடர்பு வெளியானது. பிறகு அங்கே அடுப்புகளுக்குப் புகைபோக்கி வைத்த வீடுகளில் நோய் குறைந்ததையும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2006இல் புற்றுநோய் ஆய்வு முகமை இதை எடைபோட்டு, வீட்டுக்குள் எரியும் நிலக்கரிப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்றும், விறகு போன்ற எரிபொருட்களின் புகையைப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதத்தக்கது என்றும் வகைப்படுத்தியது.

இந்த வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். விறகுப் புகையின் மேல் உள்ள சான்று சிகரெட்டின் மேல் உள்ளதைப் போல் கனமானதல்ல. சிகரெட் புகைப்பவனுக்கு உள்ள ஆபத்து பல மடங்கு பெரிது. விறகுப் புகை முதலில் தருவது நாள்பட்ட மூச்சடைப்பு நோயை. புற்றுநோய் அதன் பின்னால் வருவது. ஆனாலும் உலகில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பதினொருவரின் மரணத்துக்கு வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகை காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2015இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கை ஆண்களில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் புகைத்தார்கள். பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். புகைக்காத பெண்ணுக்கு நுரையீரலில் புற்று என்றதும் குடும்பம் திகைத்து நிற்பது இதனால்தான். இந்தத் திகைப்புக்கான விடையில் ஒரு பகுதி அடுப்பங்கரையில் கிடக்கிறது.

இன்னொரு பகுதி தலைக்கு மேல் இருக்கலாம். துருப்பிடித்த தகரத்தை மாற்றியபோது லயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடுகள் ஏறின. அஸ்பெஸ்டஸ் இழை நுரையீரலுக்குப் புற்றுநோய் தரும் என்பது பல பத்தாண்டுகளாகச் சந்தேகமின்றித் தெரிந்த விஷயம். இலங்கை நீல அஸ்பெஸ்டஸை 1987இல் தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்தது. முழுதாகக் கிடக்கும் தகடு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. அதை அறுக்கும்போதும், உடைக்கும்போதும், காற்றில் உடைந்த துண்டுகளை வெறுங்கையால் அள்ளும்போதும் இழை பறக்கிறது. மலைநாட்டில் காற்றடித்துக் கூரை பறப்பது ஆண்டுதோறும் நடப்பது என்பதால் இதைச் சும்மா விட முடியாது.

அடுப்பைத் திருத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1970களின் கடைசியில் சர்வோதய இயக்கத்தின் அடுப்பும், 1980களின் நடுவில் களிமண்ணால் செய்த அநகி அடுப்பும் வந்தன. இரண்டு பானை ஒரே நெருப்பில் வேகும், விறகு மிச்சம். அநகி இலட்சக்கணக்கில் விற்று, இலங்கையின் நல்ல கண்டுபிடிப்புகளில் ஒன்றாகப் பேர் பெற்றது. ஆனால் அதன் நோக்கம் காட்டைக் காப்பதும் விறகைச் சேமிப்பதும். விறகு குறைந்தால் புகையும் ஓரளவு குறையும். புகைபோக்கி இல்லாத காம்பராவில் அது போதாது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மறுபடியும் கம்பெனிகளின் கைக்குப் போயின. வீடமைப்புக்கென்று ஒரு நிதியம் வந்தது, இந்திய உதவியில் தனிவீடுகள் வந்தன. தனிவீட்டில் தனிக் குசினி உண்டு. அந்தக் குசினி பல தலைமுறைக்குப் பின் ஒரு பெண்ணின் நெஞ்சுக்குச் செய்யப்பட்ட முதல் மருத்துவம் என்று சொன்னால் அது மிகையில்லை. ஆனால் இன்னும் பல குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன.

2012 குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில் சமைத்தன. தோட்டங்களில் அந்த விகிதம் இன்னும் கூடுதல். பிறகு காஸ் சிலிண்டர் மெல்ல மெல்ல லயத்துக்குள் நுழைந்தது. 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது காஸ் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வாங்கும் விலையில் இல்லை. காஸ் அடுப்பை மூலையில் வைத்துவிட்டு மறுபடியும் மிளாறு பொறுக்கப் போனார்கள். ஒரு தலைமுறை மெதுவாக வெளியேறிக்கொண்டிருந்த புகைக்குள் மீண்டும் இழுத்துவரப்பட்டது.

நோய் வந்தபின் என்ன நடக்கிறது என்பதிலும் தோட்டத்தின் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் இருமல். மலைநாட்டில் இருமாதவர் யார்? பனி, தூசி, மழை என்று அதற்கு நூறு காரணம் இருக்கும். தோட்ட டிஸ்பென்சரியில் இருமல் பாணி கிடைக்கும். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியும் இன்னும் முழுமையாகவில்லை. எக்ஸ்ரே வசதி தோட்டத்தில் இல்லை. சளியில் இரத்தம் கண்டால் காசநோய் என்று நினைப்பார்கள். அப்படி நினைப்பது தவறுமல்ல, ஏனெனில் நெருக்கமான லயங்களில் காசநோய் உண்மையாகவே இருந்து வருகிறது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும் பலர் நிம்மதியோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். எடை குறைந்து, குரல் கம்மி, தோளும் முதுகும் வலித்து, மூச்சு முட்டி மறுபடியும் வரும்போது மாதங்கள் கடந்திருக்கும்.

அந்த மாதங்களே நோயின் போக்கைத் தீர்மானிக்கின்றன. நுரையீரல் புற்று ஒரே இடத்தில் சிறிதாக இருக்கும்போது கண்டால் அறுவையால் அகற்றலாம். கிரகாம் 1933இல் செய்த வேலை இன்று பல மடங்கு நுணுக்கமாகச் செய்யப்படுகிறது. இலங்கையில் மார்பு அறுவைக்கு வெலிசறை பேர் பெற்ற இடம். நிணநீர்க் கணுக்களுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் பரவிய பிறகு கதிர்வீச்சும் மருந்துமே வழி. அந்த மருந்துகளிலும் இந்த நூற்றாண்டில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. ஆசியப் பெண்களில், அதிலும் புகைக்காதவர்களில் வரும் ஒரு வகை நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது. அந்த மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் கீமோதெரப்பியைவிட நன்றாக வேலை செய்கின்றன என்று 2009இல் ஆசிய நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. லயத்துப் பெண்ணுக்கு இந்தச் செய்தி முக்கியமானது. அவள் நோய் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு; அதை அறியத் திசுவை எடுத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

சிகிச்சைக்குப் போகும் வழி 1885இல் போட்ட அதே தண்டவாளம். நானுஓயாவிலிருந்து கொழும்புக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல்; புகையிரதத்தில் ஆறேழு மணி நேரம். கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. ஆனால் நாட்டின் தலைமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி கொழும்புக்கு அப்பால் மகரகமவில். இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இது பல பத்தாண்டுகளாக நாடு காத்துவரும் பெருமை, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பணம் போவது வேறு வழிகளில். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம். துணைக்கு ஒருவர் வேண்டும். அவருக்கும் பேர் இல்லை, சம்பளம் இல்லை. 2021இல் கிடைத்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை ஆண்டு போராட்டம் நடந்தது என்பதை நினைத்தால், இரண்டு பேரின் சம்பளம் ஒரு மாதம் நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். சிங்களத்தில் பேசும் வார்டில் தன் வலியைச் சொல்லத் தெரியாத கிழவியும், மொழிபெயர்க்கப் பள்ளியை விட்டு வந்து நிற்கும் பேத்தியும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

தோட்டம் அப்போது ஒன்று செய்கிறது. கோயில் கமிட்டியோ தலைவர்மாரோ ஒரு கொப்பியோடு லயம் லயமாகப் போவார்கள்; ஆளுக்கு நூறு, இருநூறு என்று எழுதுவார்கள். காதில் கிடந்ததை அடகு வைத்து வந்தவர்கள்கூடக் கொடுப்பார்கள். ஈ.பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்த குடும்பங்கள் உண்டு. முதுமைக்கென்று முப்பது ஆண்டு பிடித்த காசு அது.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாடே நடந்து, வடக்கில் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டியது. மகரகமவுக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் பொதுமக்கள் இருபது கோடி ரூபாய் சேர்த்தார்கள். இந்த நாட்டு மனிதர்கள் புற்றுநோயின் முன் கைகட்டி நிற்பவர்கள் இல்லை என்பதற்கு இவை சான்று. நூற்றைம்பது ஆண்டு இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த மலைக்கு அந்தக் கவனத்தில் ஒரு பங்கு உரியது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லயத்தில் இருக்கும் ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு புகைபோக்கி வேண்டும். அதற்குத் தகரக்குழாயும் ஒரு நாள் வேலையும் போதும். நுவரெலியா, அட்டன் கிளினிக்குகளில் நெஞ்சு நோயாளியிடம் சிகரெட் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை வருடம் விறகடுப்பு, குசினி தனியா உள்ளேயா என்றும் கேட்டு அட்டையில் எழுத வேண்டும். இதை வாசிப்பவர் வீட்டிலோ பக்கத்துக் காம்பராவிலோ மூன்று வாரத்துக்கு மேல் இருமும் அம்மாவோ அப்பாயியோ இருந்தால், சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தாலும் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.